தேதியும் நேரமும் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் நடத்துகிறவர்களுக்கு,

"வலி இருந்தா கூட்டிட்டு வாங்க. மூணு வயசுக்குக் கீழன்னா இப்போ தேவையில்ல." முன்பதிவுக்குப் போன் செய்யும் தாய் தகப்பனுக்கு உங்கள் மேசையிலிருந்து கிடைக்கிற பதில் இதுதான். வலி என்று சொன்னால் ஒரு தேதி கிடைக்கும், ஒரு நேரம் கிடைக்கும், பழைய சீட்டு இருந்தால் எடுத்து வரச் சொல்வார்கள். குழந்தைக்கு என்ன கொடுத்துவிட்டு வரலாம், என்ன சொல்லி அழைத்து வர வேண்டும், உள்ளே யார் கூட இருக்கலாம், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்படி வந்த குழந்தை நாற்காலியில் ஏற மறுத்து அலறினால் "ஒத்துழைக்கவில்லை" என்று கேஸ் தாளில் எழுதச் சொல்கிறீர்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறவர்களும், அழுகிற குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடிக்கிறவர்களும் நாங்கள். அந்த வரியை எழுதுவதும் எங்கள் கைதான். இனி எழுத மனம் ஒப்பவில்லை. அங்கே ஒத்துழைக்காதது குழந்தை இல்லை.

வயதிலிருந்து ஆரம்பிப்போம். முதல் பல் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் கீழ் முன்வரிசையில் எட்டிப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு ஒரு வயதைத் தாண்டியும் ஆகலாம். முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைகள் பல் மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் மருத்துவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். போன் எடுப்பவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"பால் பல்லுதானே, எப்படியும் விழப்போகுது" என்பதும் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. மொத்தம் 20 பால் பற்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும், சரி. பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். மெல்லுவதற்கும் அவை வேண்டும், கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் வேண்டும். பால் பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பகுதி பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் பெரியவர்களுக்குப் பல வருடம் எடுத்துக்கொள்ளும் சொத்தை இங்கே சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும்.

அது தொடங்கும் இடமும் தெரிந்த இடம்தான். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீட்டியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. இரவில் பால் புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு முதலில் அங்கேதான் வரும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும், பால் மேல் பல்லைச் சுற்றித் தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். வெள்ளைக் கோடாக இருக்கும்போது ஃப்ளோரைடு பேஸ்ட்டும், பல்லில் தடவும் ஃப்ளோரைடு பூச்சான வார்னிஷும், இரவுப் புட்டியை நிறுத்துவதும் போதும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு அந்த வழி இல்லை. மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத்தான் "மூணு வயசு ஆகட்டும்" என்று இரண்டு வருடம் தள்ளிப் போடுகிறீர்கள். பிறகு அதே குழந்தை இரவெல்லாம் தூங்காமல் கன்னம் வீங்கி வருகிறது. அதன் வாழ்க்கையில் முதல் பல் மருத்துவ அனுபவமே மரப்பு ஊசியாக அமைந்துவிடுகிறது.

ஒரு வயதுக் குழந்தையை நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது என்று கேட்பீர்கள். உட்கார வைக்கவே வேண்டாம். ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டூல். பெற்றோரும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார வேண்டும். மருத்துவர் மடியில் மடித்த துண்டு ஒன்று. குழந்தை பெற்றோரைப் பார்த்தபடி, அவர் இடுப்பின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும். அப்படியே பின்னால் மெதுவாகச் சாய்த்தால் தலை மருத்துவர் மடிக்கு வரும். பெற்றோர் குழந்தையின் இரண்டு கைகளையும் அதன் வயிற்றின் மேல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கால்களை அணைத்துக்கொள்வார். குழந்தைக்கு அம்மா முகம் தெரிந்துகொண்டே இருக்கும். மருத்துவர் கன்னத்தின் உள்பக்கமாக விரலைக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு வரை கொண்டுபோனால் வாய் திறக்கும், விரலும் கடிபடாது. பஞ்சுத் துணியால் பல்லைத் துடைத்து உலர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும், ஈரத்தில் அந்த வெள்ளைக் கோடு தெரியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

குழந்தை அழும். அழுதால் வாய் அகலமாகத் திறக்கும், பார்க்கிறவருக்கு அது வசதி. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: "படுக்க வச்சதும் அழுவான், வலியினால இல்ல, புது இடம். எழுந்ததும் நிறுத்திடுவான்." சொல்லாவிட்டால், தலை மடியில் பட்ட நொடியிலேயே பதறிப்போய் அவர் குழந்தையைத் தூக்கிவிடுவார். இரண்டாம் முறை படுக்க வைப்பது முதல் முறையைவிட மூன்று மடங்கு கஷ்டம். எங்கள் பக்கத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

வார்னிஷும் அப்படியே. 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, பால் பற்களுக்கு 0.25 மில்லி போதும். துடைத்த பல்லில் தூரிகையால் தடவினால் எச்சில் பட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். சில வகைகளில் பல் மஞ்சளாகத் தெரியும். அன்றைக்குச் சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம், இரவு பிரஷ் வேண்டாம், மறுநாள் காலை வழக்கம்போல என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் வீட்டுக்குப் போனதும் "பல்லெல்லாம் மஞ்சளா இருக்கே" என்று தேய்த்தெடுத்துவிடுகிறார்கள். போட்ட மருந்து வாஷ்பேசினில். தடவும் முன்பு பசை, பிளாஸ்டர் எதற்காவது குழந்தைக்கு அலர்ஜி வந்ததுண்டா என்றும் கேட்டாக வேண்டும், பல வார்னிஷ்களில் பைன் மரப் பிசின் இருக்கிறது.

இனி, போனில் சொல்லியிருக்க வேண்டியவை.

நேரம். சிறு குழந்தைக்குக் காலை நேரம்தான், அதுவும் தூங்கி எழுந்த பிறகு. பகல் தூக்க நேரத்தில் டோக்கன் கொடுத்துவிட்டு "பிடிவாதக்காரக் குழந்தை" என்று சொல்வதில் நியாயமில்லை. சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு, கொஞ்சமாக. வெறும் வயிற்றோடு வந்த குழந்தை எதற்கெடுத்தாலும் சிணுங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தால், பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி நாக்கின் பின்பக்கம் பட்டதும் வாந்தி எடுத்துவிடும். ஆனால் மயக்கம் கொடுத்துச் செய்வதாக முடிவு செய்திருந்தால் கதை வேறு. தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மற்றப் பாலும் லேசான திட உணவும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம் அதற்கும் மேல். இரண்டு அறிவுரையும் ஒரே தாளில் கலந்துவிடக் கூடாது. "ஏதாவது கொடுத்துட்டு வாங்க" என்று மேசையிலிருந்து போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை, மயக்கம் கொடுக்க இருந்த குழந்தைக்கு ஆபத்தாகும்.

சொற்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது "பயப்படாதே, வலிக்காது, ஊசியெல்லாம் போட மாட்டாங்க" என்று மூன்று வாக்கியம் சொல்லிக் கூட்டி வருகிறார்கள். பயம், வலி, ஊசி மூன்றும் அந்தக் குழந்தையின் மனதில் அப்போதுதான் முதன்முதலாக ஏறுகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு என்ன சொல்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்படிச் சொல்லலாம்: "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க. சின்னக் கண்ணாடி வச்சுப் பார்ப்பாங்க. நீ ஆ காட்டணும்." அவ்வளவு போதும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் முந்தைய நாள் மாலையோ அன்று காலையோ சொன்னால் போதும். விவரம் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு நாள் முன்பு. ஒரு வாரம் முன்பே சொல்லி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இவனுக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்" என்று பேசினால் ஒரு வாரப் பயம் சேர்ந்துவிடும். "ஊசி போடுவாங்களா?" என்று குழந்தையே கேட்டால் பொய் வேண்டாம்: "எனக்குத் தெரியல, போய் ரெண்டு பேரும் டாக்டர்கிட்டயே கேட்கலாம்."

சேட்டை செய்யும்போதெல்லாம் "இரு, டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்" என்று மிரட்டிய வாயால், பிறகு "டாக்டர் நல்லவங்க" என்று சொன்னால் எந்தக் குழந்தை நம்பும்? லஞ்சமும் வேண்டாம். முன்கூட்டியே பரிசு பேசினால், ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று குழந்தை கணக்குப் போட்டுவிடும். முடிந்த பிறகு, எதற்காக என்று சொல்லிக் கொடுக்கலாம்: "ஆ காட்டி அசையாம இருந்தல்ல, அதுக்கு." பரிசு மிட்டாயாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் உங்கள் வரவேற்பு மேசையிலேயே ஒரு மிட்டாய்க் கிண்ணம் இருப்பதால் சொல்கிறோம்.

எங்கள் பக்கத்துச் சொற்களும் யோக்கியமில்லை. "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்கிறோம். எறும்பு கடித்து அழுத குழந்தைக்கு அதைவிட மோசமான உறுதிமொழி வேறு இல்லை. "பல்லைத் தூங்க வைக்கிற மருந்து. கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும், அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பது உண்மையும்கூட, குழந்தைக்குப் புரியவும் செய்யும்.

பயிற்சி. ஒரு வாரம், தினமும் இரண்டு நிமிடம், பெற்றோர் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்து, டார்ச் அடித்து, பிரஷின் பின்பக்கத்தால் பல்லைத் தொட்டுத் தொட்டு எண்ணினால் போதும். மல்லாந்து படுப்பதும், முகத்துக்கு மேல் வெளிச்சம் விழுவதும், வேறொருவர் கை வாய்க்குள் வருவதும்தான் குழந்தைக்குப் புதிது. இவை மூன்றும் வீட்டிலேயே பழகிவிட்டால் எங்கள் வேலை பாதி முடிந்தமாதிரி.

கையில் எடுத்து வருவது. தடுப்பூசி அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், சமீபத்தில் பார்த்த எடை. வலி மருந்தோ மரப்பு மருந்தோ எல்லாம் எடைக் கணக்கில்தான், "பார்த்தா பன்னண்டு கிலோ இருக்கும்" என்பது கணக்கில்லை. இருதயக் குறை, ரத்தம் உறையாத கோளாறு, வீசிங், வலிப்பு, மருந்து அலர்ஜி எதுவாக இருந்தாலும் போனிலேயே சொல்லச் சொல்லுங்கள். சில இருதயக் குறைகளுக்கு ரத்தம் வரக்கூடிய சிகிச்சைக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால் அன்றைய வரவே வீண். இன்ஹேலர் இருந்தால் அது கையில் இருக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் பிரஷும் பேஸ்ட்டும் எடுத்து வந்தால் நல்லது, அட்டையில் ஃப்ளோரைடு அளவைப் பார்த்துவிடலாம். பிடித்த பொம்மையோ துணியோ ஒன்று. மாற்றுச் சட்டை ஒன்று. வீட்டில் யாருக்குப் பல் நாற்காலி என்றாலே உதறலோ, அவர் அன்று வர வேண்டாம். அந்த உதறல் பிடித்திருக்கும் கை வழியாகவே குழந்தைக்குப் போய்விடும்.

காத்திருப்பு அறைக்கு வருவோம். முதல் முறை வருகிற குழந்தையை முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள். கதவுக்கு அந்தப்பக்கம் இன்னொரு குழந்தை பல் பிடுங்கிக்கொண்டு அலறுகிறது. அதற்குப் பிறகு எந்தப் பெற்றோர் எந்த வார்த்தையைச் சொன்னாலும் செல்லாது.

மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாற்காலி உண்டு. அது ஏறுவதற்கு முன்பே நாற்காலியைச் சாய்த்து வைத்துவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு உறுமிக்கொண்டு பின்னால் சாயும் நாற்காலியைக் கண்டு பெரியவர்களே கைப்பிடியைப் பற்றுகிறார்கள். விளக்கை மார்பில் போட்டு மெல்ல மேலே கொண்டுவர வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. கூர் முனைக் கருவிகள் இருக்கும் தட்டு தலைக்குப் பின்னால் இருக்கட்டும். சொல்லு, காட்டு, பிறகு செய் என்ற முறையை அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959இல் எழுதினார். இன்றுவரை அதைவிட எளிய வழி இல்லை. காற்றை முதலில் உள்ளங்கையில் ஊதிக் காட்டி, பாலிஷ் ரப்பரை விரல் நகத்தில் சுற்றிக் காட்டி, தண்ணீர் உறிஞ்சும் குழாயைத் தம்ளர் நீரில் வைத்துக் காட்டிவிட்டு வாய்க்குள் போக வேண்டும். காட்டியதை உடனே செய்ய வேண்டும். காட்டிவிட்டு ஐந்து நிமிடம் போனில் பேசினால் காட்டியதற்குப் பலனில்லை. கை தூக்கினால் நிறுத்துவோம் என்று சொன்னால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். முதல் தடவை அது சோதித்துத்தான் பார்க்கும். நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு அநேகமாகக் கை தூக்காது.

முதல் வருகையில் இதற்கு மேல் வேண்டாம். எண்ணுதல், பார்த்தல், துலக்கிக் காட்டுதல், வார்னிஷ். பற்களுக்கிடையே இடைவெளி இருந்து எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால் எக்ஸ்ரேகூட அவசியமில்லை. "வந்ததே வந்தாச்சு, ஒரு ஃபில்லிங்கையும் முடிச்சிடலாம்" என்பது உங்கள் நேர அட்டவணைக்கு லாபம். குழந்தை அடுத்த முறை வாசலிலேயே திரும்பிவிடும்.

பெற்றோரை வெளியே நிறுத்தும் விதியை எதற்காக வைத்திருக்கிறீர்கள்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் குழந்தை குழம்பும் என்பது உண்மை. அதற்கு மருந்து, உள்ளே வருகிறவர் பேசாமல் இருப்பது. ஒரே ஒருவர், நாற்காலியின் கால் பக்கம், குழந்தையின் காலில் கை வைத்தபடி உட்காரட்டும். குரல் மருத்துவருடையது மட்டும். மூன்று நான்கு வயது வரை பிரிவதே பெரிய பயம், அதன்மேல் பல் பயத்தையும் ஏற்றிவிட்டு ஒத்துழைப்பு கேட்க முடியாது. கதவு மூடியிருக்கும்போது நடக்கிறதையும் சொல்லிவிடுகிறோம். அலறும் வாயைக் கையால் பொத்தி அடக்கும் பழக்கத்தை அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2006இலேயே தன் வழிகாட்டியிலிருந்து நீக்கிவிட்டது. அது இன்னும் போகாத அறைகளும் இருக்கின்றன. பெற்றோரின் கண் அங்கே இருந்தால் அந்தக் கை எழாது.

வெளிச்சமும் சத்தமும் தொடுதலும் தாங்காத குழந்தைகளுக்கு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறிப்பாக, மேலே சொன்னது எல்லாம் இரட்டிப்பு. வாசல், வரவேற்பு, நாற்காலி, கண்ணாடி என்று நான்கு படம் போனில் அனுப்பினால் வீட்டில் வரிசையாகக் காட்டிப் பழக்குவார்கள். கூலிங் கிளாஸும் காதடைப்பும் எடுத்து வரலாம். முதல் வருகையில் நாற்காலியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்கூட அது வெற்றிதான். ஆனால் அடுத்த முறையும் அதே அறை, அதே முகம் இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு இந்த நிதானம் பொருந்தாது, அதையும் உங்கள் மேசைக்குப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். காய்ச்சலோடு முக வீக்கம், கண்ணை நோக்கிப் பரவும் வீக்கம் என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் டோக்கனே கூடாது, நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். விழுந்து பல் வேரோடு வந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால் முதல் கேள்வி: பால் பல்லா, நிரந்தரப் பல்லா? பால் பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, கீழே இருக்கும் பல் மொட்டுக்கு அடிபடும். நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு உடனே கிளம்பி வரச் சொல்ல வேண்டும். அங்கே நிமிடம்தான் கணக்கு. "புதன்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்ற பதிலில் ஒரு பல் போய்விடும்.

நாங்கள் கேட்பது இவை.

மூன்று வயது வரம்பை முன்பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குள் வரச் சொல்லுங்கள். போன் எடுப்பவருக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள், அவரை நாற்காலிப் பக்கம் ஒரு காலைப்பொழுது நிற்க வையுங்கள். தேதியோடு சேர்த்து ஒரு பக்கக் குறிப்பை அனுப்புங்கள்: நேரம், சாப்பாடு, சொல்ல வேண்டிய சொற்கள், கொண்டுவர வேண்டியவை. மயக்கத்துக்கான தாள் தனியாக, வேறு நிறத்தில் இருக்கட்டும்.

காலை முதல் இரண்டு நேரங்களை முதல் முறை வரும் குழந்தைகளுக்கென்று ஒதுக்குங்கள், ஆளுக்கு அரை மணி நேரம். அந்த நேரத்தில் பல் பிடுங்கும் கேஸ் எதையும் பக்கத்து அறையில் வைக்காதீர்கள். ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டூல் வாங்கித் தாருங்கள். நாங்கள் கேட்பதிலேயே செலவு வைப்பது அது ஒன்றுதான்.

ஒரு பெற்றோர் உள்ளே இருக்கலாம் என்பதை எழுதி வாசலில் ஒட்டுங்கள். குழந்தையைப் பிடித்து அடக்கித்தான் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால், காரணம் சொல்லிப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்காமல் எங்களைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். சொன்னால் மறுப்போம்.

வீட்டுக்குப் போகிறவர்களிடம் "வலிச்சா வாங்க" என்பதற்குப் பதில் அடுத்த தேதியை எழுதிக் கொடுங்கள். கூடவே இதையும்: மூன்று வயது வரை அரிசி மணியளவு பேஸ்ட், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு, ஃப்ளோரைடு 1000 பிபிஎம்மாவது இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறை, அதில் ஒன்று தூங்கப்போகும் முன், துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம், ஏழெட்டு வயது வரை துலக்கிவிடுவது பெரியவர் கை.

கேஸ் தாளில் "ஒத்துழைக்கவில்லை" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, அதன் இடத்தில் மூன்று கேள்வி அச்சிடுங்கள்: குறிப்பு முன்கூட்டியே அனுப்பப்பட்டதா? எத்தனை நிமிடம் காத்திருந்தது? பெற்றோர் உள்ளே இருந்தாரா? அந்த மூன்றையும் நாங்கள் நிரப்புகிறோம். அடுத்த மாத முன்பதிவு ஏட்டைத் திறப்பதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

நாற்காலிப் பக்கம் நிற்பவர்கள்